மிடறும் மத்தளமும்

மத்தளம் ஒரு வித்தை, பாட்டு வேறொரு வித்தை, ஆட்டம் அவ்விரண்டினின்றும் விலகிய மற்றொரு வித்தை என்ற எண்ணத்தோடு கூத்து அண்ணாவியார் ஒருவரிடம் பழகச் செல்லும் இளைஞனுக்கு, அந்த எண்ணம் சில இரவுகளிலேயே கலைந்து போகும். மட்டக்களப்பில் வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுக்கும், அதற்கப்பால் ஈச்சந்தீவு, கன்னன்குடா முதலிய ஊர்களுக்கும் விரிந்து கிடக்கும் படுவான்கரைப் பிரதேசத்திலே, பெரும்போக அறுவடை முடிந்து வயல்வேலை ஓய்ந்திருந்த ஒரு பருவத்தில் நான் மத்தளம் பழகப் போனபோது, என் குருநாதர் நெடுங்காலம் அந்த வாத்தியத்தை என் மடியில் வைக்கவே இல்லை. பிற்பாட்டுக்காரரோடு நின்று தருக்களாகிய கூத்துப் பாட்டுக்களைப் பாடச் சொன்னார். பாட்டு நாவில் தங்கிய பின்னர், அதைப் பாடிக்கொண்டே நாலடி, குத்துமிதி என்னும் ஆட்ட அடிகளை வைக்கச் சொன்னார். மூச்சு எந்த இடத்தில் முட்டுகிறது என்பதை என் நெஞ்சு அறிந்துகொண்ட பிறகுதான் மத்தளத்தைத் தந்தார்.

மட்டக்களப்புக் கூத்தின் இயல்பை அறிந்தவர்க்கு இந்த முறையின் நியாயம் விளங்கும். வட்டக்களரியின் நடுவே மத்தளம் அடிக்கும் அண்ணாவியாரும், சல்லரிக்காரரும், கொப்பி பார்ப்பவரும், பிற்பாட்டுக்காரரும் நிற்க, அவர்களைச் சுற்றிக் கூத்தரும், கூத்தரைச் சுற்றிச் சபையோருமாக இரவிரவாக நிகழும் இந்த ஆட்டத்தில், மத்தளமும் சல்லரியுமன்றி வேறு வாத்தியத்தின் துணை கிடையாது. பாடுகிறவனுடைய மிடறே சுருதி. வடமோடி என்னும் கூத்து வகையிலே கனத்த கரப்புடுப்பும் கிரீடமும் தரித்து வரும் அரசன், வரவுத் தாளத்துக்கு எட்டும் வீசாணமும் ஆடிச் சுழன்று, தாளந் தீர்த்து நின்ற அந்தக் கணத்திலேயே வாய்திறந்து தருவைப் பாடியாக வேண்டும். அவன் நெஞ்சு விம்முகிறதைக் கண்ட அண்ணாவியார், சபை அறியாதபடி தாளக்கட்டை இன்னொரு சுற்றுச் சொல்லி நீட்டி, அவனுக்கு மூச்சை மீட்டுக் கொடுப்பார். விருத்தம் வரும்போது தாளம் அடங்க, மத்தளம் வாய்மூடிக் காத்திருக்கும். அடுத்த தருவின் முதற் சொல் எழும்பும்போது, அதற்கு முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் விரல் தோலில் விழ வேண்டும். இதைக் கணக்கினால் மட்டும் கற்பிக்க இயலாது.

"கையைப் பாராத மனே, அவன்ட காலைப் பாரு" என்பார் என் குருநாதர். கால் பழகிய பிறகு, பாடுகிறவனுடைய தொண்டையைப் பார்க்கச் சொன்னார். வலந்தலை, இடந்தலை இரண்டிலும் எழக்கூடிய நாதங்களை விரல்கள் தாமாகவே தேடிக்கொள்ளும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. என் அனுபவமும் அதற்குச் சாட்சி.

ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியாகிய அந்தலூசியாவில் வழங்கும் பிளமெங்கோ இசையைப் பற்றி அறிந்து, இதே முறை அங்கும் உண்டென்று கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. ரமோன் மொந்தோயா போன்ற மேதைகள் இருபதாம் நூற்றாண்டில் கிதாரைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தினார்கள் என்றாலும், அதற்கு முன்னும் பின்னும் அங்கே கிதார்க்காரனுடைய முதற் கடமை பாடுகிறவனையும் ஆடுகிறவனையும் தாங்குவதே. சொலேயா என்னும் பாடல்வகையின் பன்னிரண்டு அட்சரச் சுற்றைக் கைதட்டியும் காலால் மிதித்தும் உடம்பில் ஏற்றிக்கொள்ளாதவனை அவர்கள் தங்கள் வட்டத்தில் வாத்தியக்காரனாக மதிப்பதில்லை. நம் மட்டக்களப்பு வாவிக்கரை அண்ணாவிமாரும் அந்த நாட்டுக் கிதார் ஆசான்களும் ஒருவரையொருவர் கண்டிருந்தால், பாஷை தெரியாமலே வெகுநேரம் அளவளாவியிருப்பார்கள்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கி மேடையேற்றியது, கிராமத்துக்கு வெளியே இந்தக் கலைக்குப் பெருமதிப்பைத் தேடித் தந்த அரிய கைங்கரியம். அதை நான் நன்றியோடு போற்றுகிறேன். ஆயினும், ஒருபக்கம் மட்டும் திறந்த மேடையிலே மத்தளக்காரர் ஓரத்தில் அமர்த்தப்படும்போது, கூத்தனுடைய காலும் மிடறும் அவர் கண்ணுக்குப் பாதியே தெரிகின்றன. நீட்டிக் கொடுக்க வேண்டிய சுற்றும் முன்னரே எண்ணித் தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. களரியின் நடுவில் நின்று அடித்துப் பழகியவனுக்கு அது பெரிய இழப்பு.

சட்டங்கொடுத்து, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றம் வரையில் பல மாதங்கள் நீளும் பழக்கக் காலம் சிலருக்கு இன்று அதிகமாகத் தோன்றுகிறது. கைத்தொலைபேசியில் பதிந்த தருவைக் கேட்டு வீட்டிலிருந்தே அடித்துப் பழகி வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய விரல்கள் சுத்தமாகவே இருக்கின்றன. ஆனால் பதிவிலே பாடுகிறவன் எந்நாளும் களைப்பதில்லை, ஓரிடத்திலும் தடுமாறுவதுமில்லை. ஆகையால் அப்படி வருகிற பிள்ளைகளை நான் முதலில் பிற்பாட்டுக்காரர் வரிசையிலேயே நிறுத்துகிறேன். விடியற்புறத்தில் தொண்டை கம்மிப்போன கூத்தன் ஒருவனுக்குத் தருவை எடுத்துக் கொடுத்துத் தாங்கப் பழகும் வரையில், மத்தளத்தைத் தொட விடுவதில்லை.