கணினி கண்விழிக்க மறுத்தால்

பெரட்டுக்கு நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டல்லவா? ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெயர்ப் புத்தகத்தோடு கிராணி மட்டும் வரவில்லை. வேலை தொடங்குமா?

சிங்கப்பூர் தேக்காவில் வசிக்கும் என் தங்கை வீட்டுக் கணினிக்கும் அதே கதிதான். இரண்டு வன்தட்டுகளில் மந்தமாகிப்போன பழையதை அவள் மகன் கழற்றினான். விண்டோஸ் இருந்தது என்னவோ புதியதில்தான். ஆனாலும் கறுப்புத் திரையில், துவக்கத் தட்டு இல்லை என்று ஒரே ஒரு வரி! ஒரு கடையில், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும் என்றார்களாம். அழிப்பதா? எங்கள் தாயாரின் கடைசிப் படங்கள் அதில்தானே இருக்கின்றன!

விண்டோஸ் பதியும்போது இரண்டு தட்டுகள் மாட்டியிருந்தால், துவக்கக் கோப்புகள் சில சமயம் மற்றத் தட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழையதைத் திரும்ப மாட்டினோம், எழுந்துவிட்டது. முதல் வேலையாகப் படங்களை வேறிடத்தில் நகல் எடுத்தோம்.

அதன்பின் பழையதைக் கழற்றி, பயாஸில் மிச்சமுள்ள தட்டை முதலாவதாக வைத்து, விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியால் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுத்துப் பார்க்கலாம். பல நேரம் அது கைவிரிக்கும். அப்போது 'பிசிடிபூட்' என்ற கட்டளை அக்கோப்புகளைப் புதிதாக எழுதும். அதற்கென்று தட்டில் ஒரு சிறு பகுதி வேண்டும், பழக்கமுள்ளவர் செய்யட்டும்.

தேக்காவிலிருந்து நடந்தே போகலாம், 1987-இல் எழுந்த சிம் லிம் ஸ்கொயருக்கு. எந்தக் கடை ஏறினாலும், "அழிக்காமல் முடியுமா?" என்று முதலில் கேளுங்கள், விலையைப் பிறகு பேசலாம்.