சன்னபட்டணத்துக் கடைசல் பட்டறைகள்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் மார்க்கத்தில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சன்னபட்டணத்துக்கு எங்கள் கல்லூரி மாணவர்களை அழைத்துச் சென்றபோது, பிடதியில் தட்டு இட்டிலி சாப்பிட்டதும், ராமநகரத்துப் பாறைக் குன்றுகளைக் கண்டு அவர்கள் ஆரவாரித்ததும் அவ்வழியே போகிறவர் யாவருக்கும் பழக்கமானவையே ஆதலால், அவற்றை விஸ்தரிக்காமல் நேரே பட்டறைக்குள் நுழைந்துவிடுகிறேன்.

ஓடு வேய்ந்த அந்தச் சிறிய கூடத்தில் கடைசல் யந்திரங்கள் மின்சாரத்தால் சுழன்றுகொண்டிருந்தன. தரையெங்கும் மரச்சுருள், காற்றில் அரக்கின் மணம். வெண்ணிறமும் மிருதுத்தன்மையும் கொண்ட வெட்பாலை மரத்தைப் பட்டை உரித்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே அதன்மேல் உளி வைக்கிறார்கள். “ஈரத்தோட கடைஞ்சா பின்னால வெடிச்சுப்போகும் சார், வாங்கினவங்க நம்மளத்தான் ஏசுவாங்க” என்றார், அங்கே எல்லோரும் பாய் என்று அழைத்த முதியவர்.

பின்கட்டில் இரண்டு பெண்கள் அரக்கைத் தணலில் இளக்கி, வர்ணப்பொடி சேர்த்து, கமர்கட்டுப் பாகைப்போல இழுத்து மடித்துக் குச்சிகளாக உருட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தகைய சிவப்புக் குச்சி ஒன்றை, தாம் கடைந்து முடித்து உப்புத்தாளால் தேய்த்திருந்த பம்பரம் யந்திரத்தில் சுழல்கையில் பாய் அதன்மீது அழுத்தவே, உராய்வில் எழுந்த உஷ்ணத்தாலேயே அரக்கு இளகி மரத்தைப் பற்றிக்கொண்டது. திட்டுத்திட்டாகப் படிந்த அவ்வர்ணத்தின்மேல் காய்ந்த தாழை ஓலைத் துண்டை வைத்து அவர் ஒருமுறை நகர்த்தியதும், அது ஒரே சீராகப் பரவி மினுமினுத்தது. சொப்புச் சாமான்களோடு விளையாடி வளர்ந்திருந்தும், அந்தப் பளபளப்பு ஓர் ஓலையின் உபகாரம் என்பது எனக்கு அன்றுதான் பிரத்தியட்சமாயிற்று.

திப்பு சுல்தான் பாரசீகத்துக் கைவினைஞரை வரவழைத்து இத்தொழிலை இங்கே ஊன்றினார் என்பது ஊர் வழக்கு. சரித்திரம் நிற்க; கலை நசித்துவருகிறது என்று பிரலாபிப்பது நம் நகரவாசிகளுக்கு வாடிக்கையாயினும், பட்டறையில் நான் கேட்ட பேச்செல்லாம் கூலியைப் பற்றியே இருந்தது. உருப்படிக் கணக்கில், அதுவும் டஜன் விகிதத்தில்தான் கூலி. பாயின் மகன் பிடதியிலுள்ள மோட்டார் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். “அங்க மாசம் பொறந்தா சம்பளம், இங்க ஆர்டர் வந்தாத்தான் சோறு” என்று அவர் சொன்னதில் வருத்தத்தின் சாயலே இல்லை.

இறக்குமதிப் பொம்மைகளின் மீதான சுங்க வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் மத்திய அரசு உயர்த்தியது இவர்களுக்கு அனுகூலமே. ஆயினும் அதே 2023 மார்ச் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட விரைவுச்சாலை ஊருக்குள் வராமல் புறத்தே விலகிச் செல்வதால், பழைய சாலையோரத்துப் பொம்மைக் கடைகளில், முன்பு வழிப்போக்கில் கார்களை நிறுத்தி வாங்கிச் சென்றவர்களின் கூட்டம் குறைந்துவிட்டது. கப்பலில் வரும் போட்டியை வரியால் தடுக்கலாம். விலகிப்போகும் காரை எதைக்கொண்டு தடுப்பது?

புறப்படும் சமயத்தில், பம்பரத்தின் விலையைக் குறைக்கும்படி மாணவன் ஒருவன் பாயிடம் பேரம் பேசினான். “ஒண்ணுக்கெல்லாம் குறைக்க முடியாது தம்பி, டஜனா எடுத்தா பார்க்கலாம்” என்றார் அவர். பிள்ளைகள் தங்களுக்குள் பணம் திரட்டி, இரண்டு டஜன் வாங்கினார்கள்.