மகன் எடை கூடினால் பயப்படும் அம்மா!

சேர்வராயன் மலையில், நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டம். பழம் பறிக்கும் சீசனில் சாயங்காலம் மூட்டையை எடை போட்டுத்தான் கூலி. தராசு காலியானதும் அதில் ஏறி நிற்பான் அந்த ஒன்பது வயதுப் பையன்.

“அம்மா, இருபத்திரெண்டு கிலோ! போன தடவையைவிட ஒரு கிலோ கூட!”

வேறு அம்மாவாக இருந்தால் திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பார். இவருக்கோ மனசுக்குள் கணக்கு ஓடும். எடை கூடினால் மருந்தின் அளவும் கூடும். அளவு கூடினால், ஒதுக்கிய பணம் சீக்கிரம் தீரும்.

பையனுக்கு வந்திருப்பது காஷே நோய். உடலில் ஒரு என்சைம் குறைவதால் ஒருவகைக் கொழுப்பு கரையாமல் மண்ணீரலிலும் கல்லீரலிலும் தேங்கும். வயிறு வீங்கும், ரத்தம் குறையும், எலும்பு வலிக்கும். மூன்று வயதில் வயிறு பெருத்தபோது ‘பூச்சி’ என்றார்கள். பூச்சி மருந்து, மந்திரித்த கயிறு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் பார்த்தாயிற்று. சேலத்தில் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது.

மருந்து இல்லாத நோயல்ல இது. குறையும் என்சைமை ஊசி வழியே ஏற்றும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1991-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும். விலைதான் மலை. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கே சில அரிய நோய்களுக்கு ஆண்டுச் செலவு 10 லட்சம் முதல் ஒரு கோடிக்கு மேல் ஆகலாம் என்கிறது மத்திய அரசின் கொள்கை ஆவணம்.

அந்தக் கொள்கை வந்த கதையைக் கேளுங்கள். 2017-ல் முதல் கொள்கை. அதை மறுபரிசீலனை செய்ய ஒரு நிபுணர் குழு. 2018 டிசம்பரில் கொள்கையே நிறுத்திவைப்பு. 2020 ஜனவரியில் புதிய வரைவு. 2021 மார்ச் 30-ல் ஒப்புதல். அதிலும் 20 லட்சம் உதவி, ஒரே தடவை சிகிச்சையில் தீரும் நோய்களுக்குத்தான். ஆயுள் முழுக்க மருந்து வேண்டியவர்களுக்கு, பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட ஓர் இணையதளம். 2022 மே மாதம்தான் எல்லாப் பிரிவினருக்கும் 50 லட்சம் வரை என்று மாறியது. 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றமே ஐந்து பேர் குழுவை அமைத்தது. 2024 அக்டோபரில், தனி நிதியம் அமைத்து இரண்டு நிதியாண்டுகளுக்கு 974 கோடி ரூபாய் ஒதுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது.

ஏழு வருடம். கைக்குழந்தை பள்ளிக்கூடம் போகும் காலம்.

குழுவே வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லவில்லை. “ஒரு புள்ளைக்கு இவ்வளவு செலவு பண்ணா, மத்த புள்ளைங்களுக்கு என்னன்னு அவங்களும் யோசிக்கணும்தானே? ஆனா காபிச் செடிக்குக்கூட கெடு இருக்கு. பங்குனி, சித்திரை மழையில பூத்தா கார்த்திகையில பழம். இவங்க எப்போ கூடுவாங்க, எப்போ சொல்லுவாங்கன்னு ஒரு தேதி சொன்னா போதும்.”

மருந்துக்காக இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறார்கள். தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் வயிறு மறுபடி உப்புவது அவருக்குக் கைவைத்தாலே தெரியும்.

போன மாதம் ஒருநாள் பையன் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளினான்.

“ஏன்டா, பசிக்கலையா?”

“பசிக்குது. ஆனா எடை கூடிடும்ல?”

அப்பாவிடம் பேசிய கணக்கைக் கேட்டிருக்கிறான்.

அன்றிலிருந்து வீட்டில் அந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. “அது பெரியவங்க கவலை, நீ சாப்பிடு” என்று இன்னொரு கரண்டி சோறு வைக்கிறார் அம்மா. தராசில் ஏறி அவன் கத்தும்போது, மற்ற அம்மாக்களைப் போலவே கைதட்டவும் செய்கிறார்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வயிறு வீக்கம் குறையாமலும், டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறாமலும் இருந்தால் பூச்சி என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.