மாறுமிடத்தில் ஒன்பது நிமிடங்கள்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மாணவர்கள் வந்து கேட்டபோது, சங்க இலக்கியத்திலிருந்தோ காப்பியங்களிலிருந்தோ ஏதேனும் எழுதித் தருவோம் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பர். கடந்த பல மலர்களில் அவ்வாறே எழுதியும் வந்துள்ளோம். இம்முறை நாம் எழுத எண்ணியதோ ஒரு துண்டு, ஓரிணைக் காலுறை, ஒரு மூக்குக்கண்ணாடி ஆகியவற்றைப் பற்றி. மூத்த பெருமக்கள் பொறுத்தருள்க.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், நமது நாற்பத்தொன்பதாம் அகவையில், 'டிரையத்லான்' என்னும் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்டோம். கிரேக்க மொழியில் 'திரி' என்றால் மூன்று. 'ஆத்லோன்' என்றால் போட்டி. 'மூவினைப் போட்டி' என்று தமிழாக்கிக் கொண்டோம். நீந்த வேண்டும், கரையேறி மிதிவண்டி ஓட்ட வேண்டும், இறங்கியவுடன் ஓட வேண்டும். 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நாற்பத்தாறு பேர் கலந்துகொண்ட மாலைநேர விளையாட்டு ஒன்றே இன்றைய வடிவத்திற்குத் தொடக்கம் என்பர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. அங்கு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம். நாம் சேர்ந்தது அதிற்பாதி: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர்.

இம்மூன்றுக்கும் இடையே இரண்டு மாற்றங்கள் உள்ளன. நீரிலிருந்து வந்தவர் மிதிவண்டியை எடுப்பதும், மிதிவண்டியை வைத்தவர் ஓடப் புறப்படுவதும் ஒரே திடலில் நிகழும். அதனை 'மாறுமிடம்' எனலாம். அங்கும் கடிகாரம் நிற்பதில்லை. கணுக்காலில் கட்டிய சிறு கருவி, காலுறை மாட்டும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துவிடும். ஆதலின் இம்மாற்றத்தை நான்காவது விளையாட்டு என்றே இத்துறையினர் கூறுவர். முதல் மூன்றையும் கற்பிக்கப் பலர் இருக்கின்றனர். நான்காவதைத் தாமே செய்து பார்த்துத்தான் பழக வேண்டியுள்ளது.

இந்த வயதில் இது எதற்கு என்று துறைத் தோழர்கள் வினவினர். சர்க்கரை நோய் என்று மட்டும் விடை சொன்னோம். 2014 முதல் நமக்கு அந்நோய் உண்டு. முழுமையான விடை வேறு. நம் தந்தையார் கிராமத் தபால்காரர். நாள்தோறும் நான்கு ஊர்களுக்கு மிதிவண்டியில் சென்று வருவார். ஒருநாள் செருப்பின் ஆணி குத்தியது அவருக்குத் தெரியவில்லை. மாலையில் அவர் வீட்டிற்குள் நடந்து வந்தபோது, மெழுகிய தரையில் இரத்தச் சுவட்டைக் கண்டு அன்னையார்தான் அலறினார். நெடுநாள் சர்க்கரை பாதத்தின் நரம்புகளைக் கெடுத்துவிடும், உணர்ச்சி மங்கும், புண் ஆறுவதும் தாமதமாகும். இவை யாவும் நமக்குப் பின்னர்த் தெரிந்தவை. 1991-இல் அவருடைய இடக்கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அதன்பின் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். திண்ணையில் சாய்த்து வைத்த மிதிவண்டியை விற்க மட்டும் இறுதிவரை அவர் ஒப்பவில்லை.

ஆகவே போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் மருத்துவரிடம் சென்றோம். அவர் நம் கண்களை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையொன்றால் பாதத்தில் ஆங்காங்கே தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இடப்பாதத்தில் ஓரிடத்தில் அவர் தொட்டதும் நமக்குத் தெரியவில்லை, கேட்டதும் தெரியவில்லை. கேள்வி நின்றுவிட்டதென எண்ணிக் கண்ணைத் திறந்தபோது, இழை பாதத்தின்மேல் வளைந்து நின்றது. "ஓடுங்கள், நீந்துங்கள், அதனால் நன்மையே. ஆனால் வெறுங்காலில் ஓரடியும் வைக்காதீர்கள்" என்றார்.

இனி, பொருள்கள். முதலில் எழுதிய பட்டியலில் இருபத்து மூன்று இருந்தன. விளையாட்டுப் பொருட்கடைக்குச் சென்றால் அது நாற்பதாகிவிடும். உண்மையில் வேண்டியவை மிகச் சில. மிதிவண்டி, பழைய மாணவர் ஒருவர் இரவல் தந்த பற்சக்கர வண்டி. தலைக்கவசம் நம்முடையது, அதில் இரவல் கூடாது, தலைக்குப் பொருந்த வேண்டும். காலணிக்குக் கயிறு கட்டி முடிச்சிடும் வேலையைத் தவிர்க்க, இழுத்தால் நீளும் ரப்பர்க் கயிறு கோத்துக்கொண்டோம். எண் அட்டையைச் சட்டையில் ஊசியால் குத்துவதற்கு மாறாக இடுப்பு வாரில் தொங்கவிட்டோம். சர்க்கரை திடீரெனக் குறைந்தால் உண்பதற்கு நான்கு பேரீச்சம்பழங்களை வண்டியின் சிறு பையில் வைத்தோம். இவற்றிற்கெல்லாம் பெருஞ்செலவில்லை.

கண்ணாடிதான் சிக்கல். நமக்குக் கிட்டப்பார்வை, ஒரு கண்ணுக்கு ஐந்தரை, மற்றொன்றுக்கு நான்கு. பார்வைத்திறன் ஏற்றிய நீச்சல் கண்ணாடிகள் கிடைக்கின்றன. கடையில் இருந்தவற்றில் இரு கண்ணுக்கும் ஒரே அளவு, அணிந்தால் தலைசுற்றியது. எனவே வெற்றுக் கண்ணாடியோடு நீந்துவதென்றும், மூக்குக்கண்ணாடியைத் தலைக்கவசத்திற்குள் விரித்து வைப்பதென்றும் முடிவு செய்தோம். தலைக்கவசத்தை எடுக்காமல் யாரும் வண்டியைத் தொட முடியாது. கவசத்தின் வார் மாட்டப்பட்ட பின்னரே வண்டியில் கைவைக்க வேண்டும் என்பதும், வண்டியைத் தாங்கியில் மீண்டும் மாட்டிய பின்னரே வாரைக் கழற்ற வேண்டும் என்பதும் இப்போட்டியின் கண்டிப்பான விதிகள். ஆகவே கண்ணாடியை மறக்க வழியில்லை. இந்த ஏற்பாட்டில் நமக்குச் சற்றுப் பெருமிதங்கூட உண்டாயிற்று. வண்டிவரை எவ்வாறு வந்து சேர்வது என்பதை அப்போது சிந்திக்கவில்லை.

ஒத்திகைகள் கல்லூரி விளையாட்டுத் திடலில் நடந்தன. ஒரு வாளித் தண்ணீர் கடலாயிற்று. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவர வேண்டும். உடற்கல்வி இயக்குநர் கையில் நேரங்காட்டியோடு நிற்பார். விடுதி மாணவர்கள் சுற்றுச்சுவரில் அமர்ந்து பார்ப்பர். நன்னூல் நடத்தும் ஆசிரியர் நனைந்த தலையோடு காலுறையுடன் போராடுவது அவர்களுக்குப் பெருவிருந்தாக இருந்திருக்கும். முதல் நாள் ஆறு நிமிடம் நாற்பது நொடி ஆயிற்று. ஈரக்காலில் காலுறை ஏறவில்லை, கவசத்தின் வாரை மாட்டாமலே வண்டியை எடுத்தோம், ஊதல் ஒலித்தது. பிறகு சிறிது சிறிதாகக் கற்றோம். காலுறையின் வாயைப் பாதிவரை சுருட்டி உள்ளே மாவு தூவி வைத்தால் ஒரே இழுப்பில் ஏறும். பொருள்களைத் தரையில் பரப்பாமல், எடுக்கும் வரிசையிலேயே துண்டின்மேல் அடுக்க வேண்டும். கை செல்லும் இடத்தில் பொருள் இருந்தால் மூளைக்கு வேலையில்லை. மூன்று நிமிடம் ஐந்து நொடிக்கு வந்து சேர்ந்தோம்.

அதற்குமேல் குறையவில்லை. இயக்குநர் கணக்கிட்டுக் காட்டினார்: "ஐயா, காலைத் துடைத்துக் காலுறை போடுவதற்கு மட்டும் ஒரு நிமிடம் பத்து நொடி. இளைஞர்கள் காலுறையே போடுவதில்லை. ஐந்து கிலோமீட்டருக்கு அது தேவையும் இல்லை." அவர் சொன்னது விளையாட்டு வீரனுக்குச் சரி. கடல்மணல் விரலிடுக்கில் இருக்கும், அது காலணிக்குள் உராயும், உராய்வது நமக்குத் தெரியாது என்று விளக்கினோம். தந்தையாரைப் பற்றிச் சொல்லவில்லை. "சரி, ஐயா" என்று எழுதிக்கொண்டார். ஆனால் அவருடைய முகத்தில் அந்த எழுபது நொடிகளின் வருத்தம் இருந்தது. பொய் சொல்வானேன், நமக்கும் இருந்தது.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கடலோரத்தில் போட்டி. விடியுமுன் மாறுமிடத்திற்குள் சென்று வண்டியின் இருக்கையைக் குறுக்குக் குழாயில் மாட்டித் தொங்கவிட்டோம். மூன்றாம் வரிசை. கரையிலிருந்து ஓடிவந்து இடத்தை எப்படி அறிவது? பக்கத்து வண்டி கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம். கிட்டப்பார்வைக்கும் அது தெரியும். 'மஞ்சளுக்கு வலப்புறம்' என்று மனத்தில் பதித்துக்கொண்டோம். அந்த மஞ்சள் வண்டிக்கு உரியவர் நம்மைவிட வேகமாக நீந்தக்கூடும் என்பது தோன்றவே இல்லை.

நீச்சலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊர்க் கிணற்றில் கற்ற நீச்சலும் ஆறு மாதப் பயிற்சியும் காப்பாற்றின. கரையேறும்போது அலை ஒருமுறை மண்டியிட வைத்தது. படுத்த நிலையில் இருந்த உடல் சட்டென நிமிரும்போது தலை சற்றுச் சுழலும் என்று முன்பே அறிந்திருந்தோம்; சுழன்றது.

மாறுமிடத்தில் மஞ்சள் இல்லை. எங்கு நோக்கினும் வெள்ளிக் கோடுகளும் கருங்கோடுகளும் கலங்கிய ஓவியம்போல் தெரிந்தன. ஒரு வரிசை முழுதும் இருக்கைகளைத் தடவிக்கொண்டே நடந்தோம். பக்கத்தில் ஒருவர் கவசம் மாட்டுவது கேட்டது; அவர் போன பின்னும் நாம் தடவிக்கொண்டிருந்தோம். இறுதியில் நம்மை அழைத்தது கட்டம் போட்ட பழைய துண்டு. அத்தனை புதுப்பொருள்களுக்கு நடுவே அது ஒன்றுதான் நம் வீட்டுச் சாயலில் கிடந்தது. கண்ணாடியை அணிந்த பின்னரே உலகம் திரும்பி வந்தது.

தரையில் அமர்ந்தோம். குப்பித் தண்ணீரை ஊற்றி முதலில் வலக்கால், பின் இடக்கால் என்று விரலிடுக்குகளைக் கழுவித் துடைத்தோம். இடக்காலைத் துடைத்த துண்டின் முனை சிவந்திருந்தது. ஒத்திகையில் இல்லாத நிறம் அது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். கிளிஞ்சல் கிழித்திருக்க வேண்டும். ஓர் அங்குல நீளம். உள்ளே மணல் இருந்தது. அழுத்திப் பார்த்தோம். வலியே இல்லை. அந்தத் திடலில் நம்மை அச்சுறுத்தியது குருதியன்று, அந்த வலியின்மைதான்.

முதலுதவிக் கூடாரத்தில் இருந்த செவிலியர், மருந்துநீரால் கழுவும்போது நம் முகத்தையே பார்த்தார். "ஐயா, எரியவில்லையா?" என்றார். "இல்லை, அம்மா" என்றோம். அவர் மேலும் கேட்கவில்லை. சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக என்று மட்டும் கேட்டார். கட்டுப் போட்டபின், "ஓடக் கூடாது. வண்டி ஓட்டுவது உங்கள் விருப்பம்" என்றார். திரும்பி வந்து காலுறை அணிந்து, வாரை மாட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறும் கோட்டைக் கடந்தபோது, நாம் மாறுமிடத்தில் ஒன்பது நிமிடங்களுக்குமேல் இருந்திருந்தோம்.

அந்த இருபது கிலோமீட்டரும் இனிமையானவை. எதிர்க்காற்று இருந்தது, வெயில் இன்னும் ஏறவில்லை. பேரீச்சம்பழங்களில் இரண்டை உண்டோம். தந்தையார் இந்நேரத்திற்கு முதல் ஊரில் தபாலைக் கொடுத்துவிட்டிருப்பார் என்ற நினைவு ஏனோ வந்தது.

மீண்டும் மாறுமிடம். வண்டியை மாட்டினோம், அதன் பின்னரே வாரைக் கழற்றினோம். அந்த விதியை மறக்கவில்லை. எதிரே ஓட்டப்பாதை திறந்து கிடந்தது. ஐந்து கிலோமீட்டர், நடந்தே கடந்தாலும் நேர எல்லைக்குள் முடித்திருக்கலாம். கயிற்றுக்கு வெளியிலிருந்து யாரோ ஓர் இளைஞர், "ஓடுங்க சார், இன்னும் கொஞ்சம்தான்!" என்று உற்சாகமாகக் கூவினார். அமர்ந்து இடக்காலணியைக் கழற்றிப் பார்த்தோம். காலுறையில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் சிவப்பு. கணுக்கால் கருவியை அவிழ்த்து மேசையில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, அதே துண்டில் அமர்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிவுப் பட்டியலில் நம் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று இருந்தது. அதைப் பார்க்கக் கசப்பாகத்தான் இருந்தது. இல்லையென்று எழுதினால் மாணவர்கள் நம்பமாட்டார்கள்.

புண் ஆறப் பத்தொன்பது நாட்கள் ஆயின. நம் துணைவியார் ஒவ்வொரு நாளையும் நாட்காட்டியில் குறித்துவந்தார். கட்டுப் பிரித்த அன்று மாலை உடற்கல்வி இயக்குநர் வீட்டிற்கு வந்தார். தம் குறிப்பேட்டைத் திறந்து, "துடைத்தல், காலுறை" என்று எழுதியிருந்த வரியைக் காட்டினார். அதற்கு எதிரே இருந்த நொடிக் கணக்கை அடித்துவிட்டு, 'வேண்டிய அளவு' என்று எழுதியிருந்தார்.

பிறகு இருவரும் அமர்ந்து அடுத்த முறைக்கான பட்டியலை எழுதினோம். வரிசையை எண்ணி நினைவில் கொள்ளுதல். மஞ்சள் வண்டிகளை நம்பாமை. கரையில் இறங்கும் இடத்தில் ரப்பர்ச் செருப்பு வைக்க அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டல். நீரிலும் அணியத்தக்க மெல்லிய காலணி கிடைக்குமா என்று பார்த்தல். முன்பு எழுதிய இருபத்து மூன்றில் எஞ்சியவை பதினொன்று. அவற்றிற்கு மேலே முதற்பொருளாக, பாதத்தின் அடிப்பகுதியைக் குனியாமல் பார்ப்பதற்கு, ஒரு கைக்கண்ணாடி.