மூன்று ‘ம’

அடுத்த முறை ‘பிரஷ்ல எழுதின மாதிரி’ கடை போர்டு ஏதாவது கண்ணில் பட்டால், ஒரே எழுத்து இரண்டு தடவை வருகிறதா பாருங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால், அது பெரும்பாலும் பிரஷ் இல்லை... ஃபான்ட்!

இந்த சூட்சுமத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், மவுஸைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்.

2008-ல் என் மாமா பாலக்கோட்டில் மாம்பழ மண்டி ஆரம்பித்தார். அந்தக் கால சுவர் விளம்பரம் மாதிரி லோகோ வேண்டும், விசிட்டிங் கார்டிலும் லாரி பக்கவாட்டிலும் அதுவே இருக்க வேண்டும் என்று கண்டிஷன். தர்மபுரியில் ஒரு டிசைனிங் கடையில் போய் உட்கார்ந்தேன்.

கார்டுக்கும் லாரிக்கும் ஒரே படம் என்றால் வெக்டார்தான். போட்டோ என்பது புள்ளிகளின் கூட்டம். பெரிதாக்கினால் படிக்கட்டு படிக்கட்டாகப் பல்லிளிக்கும். வெக்டாரில் சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் வளைவுகள், அவ்வளவே. எவ்வளவு இழுத்தாலும் விளிம்பு அப்படியே இருக்கும். அந்த வளைவுக்குப் பெயர் பெசியர். 1960-களில் ரெனோ கம்பெனியில் கார் பாடி வரைய அதைப் பயன்படுத்திய பிரெஞ்சு இன்ஜினீயரின் பெயர். காருக்கு வழவழ விளிம்பு அழகு. பிரஷ்ஷுக்கோ பிசிறுதான் உயிர். தகராறே அங்கேதான்!

டிசைனர் தம்பி கோரல்டிராவில் ரெடிமேட் பிரஷ் ஒன்றை எழுத்தின் மேல் ஓட்டினான். வளைகிற இடத்தில் பிசிறெல்லாம் ரப்பராக இழுபட்டது. ‘மாம்பழ மண்டி’யில் மூன்று ‘ம’வும் ஒட்டிப் பிறந்தவை போல நின்றன.

கடை ஓரத்தில் ஃப்ளெக்ஸுக்கு ஃப்ரேம் அடித்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் சுவர் விளம்பரம் எழுதியவராம். ஃப்ளெக்ஸ் வந்து பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு சுத்தியலைக் கையில் கொடுத்திருந்தது.

“மொத ‘ம’ல பெயின்ட் ரொம்பி இருக்கணும் தம்பி. மூணாவதுக்குப் போறதுக்குள்ள பிரஷ் காஞ்சிடும்ல?”

“நீங்களே எழுதிக் குடுங்கண்ணா.”

வெள்ளைத் தாள், கறுப்பு போஸ்டர் கலர், ஒரு இன்ச் பட்டை பிரஷ். முதல் இரண்டு தாளைக் கசக்கிப் போட்டார். மூன்றாவது, நின்றபடியே ஒரே மூச்சில்.

தம்பி அதை ஸ்கேன் செய்து வெக்டாராக மாற்றினான். ஆயிரக்கணக்கான புள்ளிகள். கம்ப்யூட்டர் திணறியது. அதை அப்படியே அனுப்பினால் லாரி ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினும் திணறும். கடுகளவு துணுக்கெல்லாம் உரிந்து வந்துவிடும். அதனால் களை எடுக்க வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது?

பெரியவர் மானிட்டரில் விரல் வைத்தார். “இது வெறும் தாளோட சொரசொரப்பு, எடுத்துடு. இது பிரஷ் முடி பிரிஞ்ச எடம், கை வைக்காத!”

ஒரு மணி நேரம் ஆயிற்று. பில்லில் ஸ்கேனிங், டிசைனிங், பிரின்டிங் என்று மூன்று வரி. எழுதியதற்கு வரியே இல்லை. கேட்டேன். “ஃப்ரேம் கூலியோட சேத்துக் குடுத்துடறேன் சார்” என்று தலையைச் சொறிந்தான் தம்பி. நான் பர்ஸை எடுப்பதற்குள் பெரியவர் சுத்தியலோடு மறுபடி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் போய்ச் சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன்.

மாமா லோகோவைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“எல்லாம் சரி மாப்ளே... கடைசி ‘ம’ல பெயின்ட் பத்தலையே. ரொப்பித் தரச் சொல்லு.”

“அது கம்ப்யூட்டர்ல முடியாதாம் மாமா” என்று புளுகிவிட்டேன்.