சுவரில் தொங்கும் சிலுவை யாருடையது?

2018 ஏப்ரல் 24 அன்று, ஜெர்மனியின் பவேரிய மாநில முதல்வர் மார்குஸ் ஸோடர், முனிச் நகரிலுள்ள தம் தலைமைச் செயலகத்தின் நுழைவுக் கூடத்தில் ஒரு சிலுவையை மாட்டினார். படக்கருவிகள் சூழ்ந்து நின்றன. அன்றுதான் அவருடைய அமைச்சரவை ஓர் ஆணைக்கு ஒப்புதல் அளித்திருந்தது. ஜூன் 1 முதல் மாநில அரசின் ஒவ்வோர் அலுவலகக் கட்டடத்திலும், நுழைவோர் கண்ணில் நன்கு படும்படி ஒரு சிலுவை இருக்க வேண்டும் என்றது அது. உள்ளாட்சி அமைப்புகளுக்கு அது பரிந்துரை மட்டுமே. ஒரே வாக்கியத்தில் அமைந்த அந்த விதியில் காரணமும் சொல்லப்பட்டிருந்தது: பவேரியாவின் வரலாற்று, பண்பாட்டுத் தன்மையின் வெளிப்பாடாகவே சிலுவை அங்கே இடம்பெறுகிறது. இயேசு என்ற பெயரோ, மீட்பு என்ற சொல்லோ அந்த வாக்கியத்தில் இல்லை.

எதிர்க்கட்சியினரும் இறைமறுப்பாளர்களும் எதிர்த்தது வியப்பன்று. வியப்பளித்தது முனிச் பேராயர் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸின் எதிர்ப்பு. ஜெர்மானிய ஆயர் பேரவையின் அன்றைய தலைவரும் அவரே. சிலுவையை வெறும் பண்பாட்டுச் சின்னமாகக் காண்பவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்றும், அதன் பொருளை வரையறுப்பது அரசின் வேலையன்று என்றும் அவர் கூறினார். ஒரு கத்தோலிக்கத் தலைவர் தம் சமயத்தின் திருச்சின்னத்தை அரசுச் சுவரில் ஏற்றியதற்காக மகிழாமல் வருந்தினார். அந்த வருத்தத்தின் காரணத்தை அறிய, அதே பவேரியாவின் வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1941 ஏப்ரல். பவேரியாவின் உள்துறை, கல்வித்துறை இரண்டுக்கும் பொறுப்பேற்றிருந்த நாஜித் தலைவர் அடோல்ஃப் வாக்னர், பள்ளி வகுப்பறைகளிலுள்ள சிலுவைகளைப் படிப்படியாக அகற்ற ஆணையிட்டார். ஆண்களில் பலர் போர்முனையில் இருந்த காலம் அது. ஊர்ப்புறத் தாய்மார்கள் பள்ளிகளின் முன் திரண்டனர். மனுக்களில் கையொப்பம் திரட்டினர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். கழற்றப்பட்ட சிலுவையைச் சில இடங்களில் மீண்டும் மாட்டினர். எவருக்கும் எளிதில் பணியாத அந்த ஆட்சி, ஆகஸ்ட் இறுதியில் ஆணையைத் திரும்பப் பெற்றது.

இந்த வரலாற்றைப் பெருமிதத்தோடு நினைவுகூர்வோர் அதன் மறுபக்கத்தையும் நினைவுகூர வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று முனிச்சிலிருந்து ஏறக்குறைய 1,000 யூதர்களை ஏற்றிய முதல் தொடர்வண்டி லித்துவேனியாவின் கௌனாஸ் நகருக்குப் புறப்பட்டது. ஐந்து நாட்களில் அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிலுவைக்காகத் திரண்டதுபோல் அவர்களுக்காக எந்தக் கூட்டமும் திரளவில்லை. சுவரில் தொங்கும் சின்னத்தைக் காப்பதும், அச்சின்னம் கற்பிக்கும் பரிவை வாழ்வதும் வெவ்வேறு செயல்கள். எனினும் ஒன்றை மறுக்க இயலாது. 1941-இன் தாய்மார்கள் காத்தது தங்கள் வழிபாட்டுக்குரிய ஒன்றை. அது பண்பாட்டு அடையாளமா, சமய அடையாளமா என்று யாராவது கேட்டிருந்தால், அந்தக் கேள்வியே அவர்களுக்கு விளங்கியிராது.

போருக்குப் பின் பிறந்த புதிய குடியரசு இரண்டு வாக்குறுதிகளைத் தன் அடிப்படைச் சட்டத்தில் எழுதிக்கொண்டது: எவருடைய நம்பிக்கையிலும் அரசு தலையிடாது, அரசுக்கென்று ஒரு திருச்சபை இராது. இவ்விரு வாக்குறுதிகளுக்கும் அரசுக் கட்டடத்திலுள்ள சிலுவைக்கும் இடையிலான உரசல், 1973-இல் கார்ல்ஸ்ருஹே நகரிலுள்ள கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்தை எட்டியது. டூசல்டார்ஃப் நகர நீதிமன்றம் ஒன்றில், நீதிபதியின் மேசைமேல் சிலுவை நிற்க, அதன் முன் வழக்காட இயலாது என்று யூதர் ஒருவர் மறுத்திருந்தார். தம் சமய நம்பிக்கைக்கு மாறாகச் சிலுவையின் கீழ் நின்று வழக்கை நடத்தும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவது அவருடைய நம்பிக்கைச் சுதந்திரத்தை மீறக்கூடும் என்று அரசமைப்பு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முப்பதாண்டுகளுக்கு முன் அந்த மண்ணில் யூதருக்கு நேர்ந்ததை அறிந்தவர்க்கு இத்தீர்ப்பின் எடை விளங்கும்.

அடுத்த பெரும் வழக்கு மீண்டும் பவேரியாவிலிருந்து எழுந்தது. அம்மாநிலத்தின் பள்ளி விதி, ஒவ்வொரு தொடக்கப்பள்ளி வகுப்பறையிலும் சிலுவை இருக்க வேண்டும் என்றது. ருடால்ஃப் ஸ்டைனரின் மெய்யியலைப் பின்பற்றிய ஒரு பெற்றோர் இதை எதிர்த்தனர். பள்ளியில் சேர்ந்த தங்கள் மகள், கரும்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் 80 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பாடுபட்ட சுரூபத்தையும் பார்க்க நேர்ந்தது. உயிர் பிரியும் ஓர் ஆணின் உடலைக் குழந்தை நாள்தோறும் காண வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. 1995 மே 16 அன்று நீதிமன்றம் 5-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அந்த விதியைச் செல்லாததாக்கியது.

அத்தீர்ப்பில் இன்றும் படிக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. சிலுவை மேற்குலகப் பண்பாட்டின் பொது அடையாளம் மட்டுமே என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. அது கிறித்தவ நம்பிக்கையின் தனிச்சின்னம். அதிலிருந்து நம்பிக்கையைக் கழித்துவிட்டு வெறும் மரபாகக் காண்பது, கிறித்தவமும் திருச்சபைகளும் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள புரிதலுக்கு எதிரானது, சிலுவையைத் தூய்மை இழக்கச் செய்வது என்றனர். சிலுவையைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்ன தீர்ப்புதான் அதன் புனிதத்தை முழுமையாக மதித்தது. வழக்குத் தொடுத்த பெற்றோரும் ஒருவகையில் அவ்வாறே செய்தனர். சுவரில் இருப்பது துன்புற்று இறக்கும் ஓர் உடல் என்பதை அவர்கள் உற்று நோக்கியிருந்தனர்.

பவேரியா கொதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் முனிச்சில் பல்லாயிரவர் ஊர்வலம் சென்றனர். டிசம்பரில் மாநிலம் புதிய சட்டம் இயற்றியது: சிலுவை இருக்கும், பெற்றோர் தக்க காரணத்துடன் மறுப்புத் தெரிவித்தால் தலைமையாசிரியர் இணக்கம் காண முயல்வார். அச்சட்டமும் சிலுவையை நியாயப்படுத்தப் பவேரியாவின் வரலாற்றையும் பண்பாட்டையுமே துணைக்கு அழைத்தது. நீதிமன்றம் அடைத்த கதவருகே ஒரு சாளரம் திறக்கப்பட்டது.

அதே சாளரம் இத்தாலியிலும் திறந்தது. அபானோ தெர்மே என்னும் ஊரின் அரசுப் பள்ளியில் தம் பிள்ளைகள் பயின்ற வகுப்பறைகளிலுள்ள சிலுவையை எதிர்த்து லவுட்சி என்ற தாய் தொடுத்த வழக்கில், 2006-இல் இத்தாலியின் உச்ச நிருவாக நீதிமன்றம் சிலுவையைக் குடிமைப் பண்புகளின் அடையாளமாக விளக்கியது. 2009-இல் ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அத்தாய்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2011 மார்ச் 18 அன்று அதே நீதிமன்றத்தின் பேரமர்வு அதை 15-க்கு 2 என்ற பெரும்பான்மையில் மாற்றியது. சுவரிலுள்ள சிலுவை அடிப்படையில் செயலற்ற ஒரு சின்னம் என்பது அப்பேரமர்வின் காரணங்களுள் ஒன்று.

சிலுவைக்கு ஆதரவான வாதங்களில் மிக வலியது இதே வழக்கில்தான் முன்வைக்கப்பட்டது. முன்வைத்தவர் ஜோசப் வைலர். யூதச் சட்ட அறிஞரான அவர், தலையில் கிப்பா அணிந்து, இத்தாலிக்கு ஆதரவாக நின்ற எட்டு நாடுகளுக்காக வாதிட்டார். வெறுஞ்சுவரும் நடுநிலை ஆகாது. சமயத்தைப் பொதுவெளியிலிருந்து விலக்குவதும் ஒரு நிலைப்பாடே. அதையும் குழந்தைகள் படிக்கிறார்கள் என்றார் அவர். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நெடுங்காலம் ஒரு பொருள் இருந்த இடத்தில் அது இல்லாமற் போவதும் ஒரு செய்திதான்.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பவேரியாவின் வயல் வரப்புகளிலும் ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களிலும் எண்ணற்ற சிலுவைகள் நிற்கின்றன. நம்புகிறவர் அங்கே நின்று வணங்கலாம். நம்பாதவர் கடந்து செல்லலாம். நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கும் வரி அலுவலகத்துக்கும் செல்பவர் அப்படிக் கடந்து செல்ல முடியாது. அங்கே பேசுவது அரசு. ‘இது எங்கள் பண்பாடு’ என்று அரசு சொல்லும்போது, ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் தாம் இருக்கிறோமா என்று சிறுபான்மையினர் தேட வேண்டியிருக்கிறது. வெறுஞ்சுவர் எவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

ஸோடரின் ஆணையும் வழக்கிலிருந்து தப்பவில்லை. சுதந்திரச் சிந்தனையாளர் அமைப்பு தொடுத்த வழக்கை 2023 டிசம்பர் 19 அன்று லைப்ஸிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிருவாக நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சிலுவை கிறித்தவத்தின் மையச் சின்னமே என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டனர். ஆனால், வரலாற்று, பண்பாட்டுத் தன்மையைக் காட்டுவதே ஆணையின் நோக்கம் என்பதால் அரசின் நடுநிலை மீறப்படவில்லை என்றனர். சிலுவை சுவரிலேயே தங்கியது. அதற்கு அது கொடுத்த விலையும் அத்தீர்ப்பிலேயே உள்ளது. சிலுவை அங்கே பேசினால் சட்டம் மீறப்பட்டிருக்கும். அது பேசவில்லை என்று ஏற்றதாலேயே சட்டம் காக்கப்பட்டது.

இந்திய வாசகர்க்கு இந்தத் தருக்கம் அயலானதன்று. கார்ல்ஸ்ருஹே தீர்ப்பு வந்த அதே 1995-இன் டிசம்பரில், தேர்தல் பரப்புரை தொடர்பான வழக்குகளில் நம் உச்ச நீதிமன்றம், ‘இந்துத்துவம்’ என்ற சொல்லைச் சமயத்தின் குறுகிய எல்லைக்குள் மட்டும் அடைக்க இயலாது, அது இம்மக்களின் வாழ்க்கைமுறையைக் குறிப்பது என்று கூறியது. ஒரு நீதிமன்றம் சமயச் சின்னத்தைப் பண்பாடாக்க மறுத்த ஆண்டில், மற்றொன்று சமயப் பெயர் ஒன்றை வாழ்க்கைமுறையாக்கியது. பெரும்பான்மையின் சமயம் ‘பண்பாடு’ என்ற பெயரோடு அரசு அலுவலகத்துக்குள் நுழையும்போது, சிறுபான்மையின் சமயம் மட்டுமே அங்கே சமயமாக எஞ்சுகிறது.

இதில் வெளியே நிறுத்தப்படுபவர் பிற நம்பிக்கையாளர் மட்டுமல்லர். முனிச்சின் அலுவலக வாயிலில், தான் அன்றாடம் வணங்கும் சிலுவையின் கீழ் நிற்கும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு அது கடவுளின் துன்பம். அவரை வரவேற்கும் அரசுக்கு அது மாநிலத்தின் அடையாளம். 1941-இல் நாஜி அரசு சிலுவையைக் கழற்ற வந்தபோது, அது எதற்காகத் தொங்குகிறது என்பதில் அரசுக்கும் தாய்மார்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. 2018-இல் அரசே அதை மாட்டியது. எதற்காக என்பதையும் அரசே எழுதிக் கொடுத்தது. கர்தினால் வருந்தியது இதற்காகத்தான்.