விண்ணில் ஒரு தலைப்பாகை

1940ஆம் ஆண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதி ஜெர்மனியின் பிடிக்குள் வீழ்ந்திருந்தது. இங்கிலாந்து தன் வானத்தைக் காக்கப் போராடிக்கொண்டிருந்தது. வானூர்திகளை ஆலைகள் செய்து தந்தன; அவற்றைச் செலுத்தும் விமானியை எந்த ஆலையாலும் செய்து தர இயலாது. அவ்வேளையில் இந்தியச் செய்தித்தாளில் விமானிகள் தேவை என்னும் விளம்பரம் வெளிவந்தது. அதைக் கண்டு முன்வந்தவர்களுள் ஒருவர் மகிந்தர் சிங் புஜ்ஜி.

சிம்லாவில் 1918ஆம் ஆண்டு பிறந்த அவர், தில்லியில் பறக்கக் கற்றவர்; பயணியர் வானூர்தி ஓட்டியும் பழகியவர். 24 இந்திய விமானிகள் அடங்கிய முதற்குழுவோடு அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தை அடைந்தார். அப்போது இலண்டன் மாநகர்மீது இரவுதோறும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அந்நாள்களைப் பற்றிய அவருடைய நினைவுகள், 2010ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன.

பறக்கத் தெரிந்தவருக்கு மீண்டும் ஏன் பயிற்சி? பயணியரைச் சுமப்பவர் குலுக்கலின்றிச் செல்ல வேண்டும். போர் விமானியோ நொடியில் திரும்பவும், தலைகுப்புறப் பாயவும், பாய்ந்தபடியே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். பழைய கைப்பழக்கத்தை மறந்து புதியதைக் கற்பது எளிதன்று. தொடக்கப் பயிற்சிக்குரிய வானூர்தியில் ஆசிரியர் உடன் அமர்ந்திருப்பார். தவறினால் அவர் கை திருத்தும். 'அரிக்கேன்' போர் வானூர்தியிலோ இருக்கை ஒன்றுதான். எட்டு இயந்திரத் துப்பாக்கிகளைச் சுமந்த அந்த ஊர்தியில் முதல் முறை ஏறும்போதே விமானி தனியர். 24 பேருள் 18 பேரே பயிற்சியில் தேறினர். அவர்களுள் புஜ்ஜியும் ஒருவர்.

அவர் சீக்கியர். தலைப்பாகையைக் கழற்றித் தோல்கவசம் அணிய அவர் மனம் ஒப்பவில்லை. கேட்புக் கருவியைத் தலைப்பாகையின்மீதே பொருத்திக்கொள்ளத் தனியாக ஒரு வார் செய்வித்துக்கொண்டார். சுட்டு வீழ்த்தப்பட்டால் உதவும் என்று மாற்றுத் தலைப்பாகை ஒன்றையும் உடன் எடுத்துச் செல்வார். இறப்பை எதிர்பார்த்துப் பறந்தவர், பிழைத்தால் எப்படித் தோன்ற வேண்டும் என்றும் எண்ணியிருக்கிறார்!

ஒருமுறை ஆங்கிலக் கால்வாயின்மேல் அவருடைய வானூர்தி தாக்கப்பட்டது. டோவரின் வெண்பாறைகளைக் கடந்து தரையில் மோதியது. எரியும் ஊர்தியிலிருந்து அவரை மீட்டனர். தலைப்பாகையின் மடிப்புகளே தம் தலையைக் காத்தன என்று அவர் நம்பினார். சில நாள்களில் மீண்டும் விண்ணேறினார்.

இலண்டன் மக்கள் அவரிடம் அன்பு பாராட்டினர். திரையரங்க வரிசையில் அவரை முன்னே செல்ல விடுவர். அதே ஆண்டுகளில் அவருடைய தாய்நாட்டில் விடுதலை கேட்டோர் சிறையில் இருந்தனர். தம்மை ஆளும் நாட்டுக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைப்பது சரியா? அக்காலத்து இந்தியர் இவ்வினாவுக்கு ஒரே விடை கூறவில்லை. ஒத்துழைக்க மறுத்தவரும் உண்டு. கொடுங்கோன்மையை முதலில் வீழ்த்த வேண்டும் என்றவரும் உண்டு. புஜ்ஜியை ஈர்த்தது பெரிதும் பறக்கும் வேட்கை. அவரை வீரராக்குவதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. பின்னர் அவர் பர்மாப் போர்முனையிலும் பறந்து, சிறப்புமிக்க பறத்தலுக்கான சிலுவை விருதைப் பெற்றார்.

போர் முடிந்தபின் வெற்றியின் கதைகள் பல எழுதப்பட்டன. அவற்றுள் இந்திய விமானிகளுக்குக் கிடைத்த இடம் சிறிது. அந்தக் குறையை அவர் முதுமையிலும் சுட்டிக்காட்டிவந்தார். 2010ஆம் ஆண்டு தம் 92ஆம் அகவையில் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், அவர் வாழ்ந்த கிரேவ்செண்ட் நகரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. வரலாறு தானாக எவரையும் நினைவில் வைப்பதில்லை. கண்டவர் சொல்ல வேண்டும், கேட்டவர் எழுத வேண்டும். நம் ஊர்களிலும் சொல்லப்படாத நினைவுகளோடு முதியோர் பலர் இருக்கின்றனர். அவர்கள் அருகில் அமர்ந்து கேட்பதற்குரிய காலம் நீண்டதன்று.